35 விநாடி ஆடிய பூமி, 15 வருஷமாக ஓடும் மனிதர்கள்: என் மாடிவீட்டு ஹைட்டி அக்கா

2023 பிப்ரவரி. ராத்திரி மணி மூன்று. மாண்ட்ரியலில் ஒரு குளிர்காலமாவது கழித்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். பனி கொட்டி ஓய்ந்ததும் நகராட்சி வண்டிகள் தெருத்தெருவாக வரும். முதலில் சைரன் அடித்துக்கொண்டு இழுவை வண்டி: ‘காரை எடு, இல்லாவிட்டால் நான் எடுப்பேன்’ என்று அர்த்தம். அதற்குப் பின்னால் பனியை ஒதுக்கும் ராட்சத கிரேடர். அப்புறம் ஒதுக்கிய பனியை அள்ளி லாரிக்குள் பீய்ச்சும் எந்திரம். வரிசையாக லாரிகள். எங்கள் வீடு நூறு வருஷப் பழசு, செங்கல் கட்டடம். இந்த ஊர்வலம் போகும்போது அலமாரியில் இருக்கும் டபரா செட் கிலுகிலுவென்று ஆடும்.

அன்றைக்கும் ஆடியது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஆனால் தலைக்கு மேலே, மாடி வீட்டில், யாரோ குடுகுடுவென்று ஓடும் சத்தம். கதவு படாரென்று திறந்தது. இந்த ஊர் வீடுகளுக்கு வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு இருக்கும் இல்லையா, அதில் தடதடவென்று யாரோ இறங்கினார்கள்.

கதவைத் திறந்து பார்த்தேன். மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த ஹைட்டிப் பெண்மணி. ராத்திரி உடையோடு, வெறுங்காலோடு, மைனஸ் பதினெட்டு டிகிரியில் பனிக்குள் நிற்கிறார். ஒரு கை மகளின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. கண் எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது, விழுமா விழாதா என்று.

உள்ளே கூப்பிட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்ன முதல் வார்த்தை: “குடுகுடு.”

தூக்கக் கலக்கத்தில் தமிழ் காதில் விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. 2010 ஜனவரி 12ஆம் தேதி வந்த நிலநடுக்கத்துக்கு ஹைட்டி மக்கள் தங்கள் கிரியோல் மொழியில் வைத்திருக்கும் பெயரே அதுதான். பூமிக்கு அடியிலிருந்து வந்த சத்தம் அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இதை இரட்டைக்கிளவி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். அந்த அக்காவுக்குப் பிரிக்காமலே பொருள் தந்துகொண்டிருந்தது, பதின்மூன்று வருஷம் கழித்தும்.

“வண்டிதான்னு எனக்குத் தெரியும். அஞ்சு குளிர்காலம் பார்த்தாச்சு. என் காலுக்குத்தான் தெரியலை” என்றார். சொன்னது பிரெஞ்சில். என் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் இந்த வாக்கியம் முழுசாகப் புரிந்தது.

இன்றைக்கு ஜனவரி 12, 2025. சரியாகப் பதினைந்து வருஷம். ஹைட்டி பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எதுவும் இல்லை. நான் அந்த நாட்டில் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த நிலநடுக்கத்தின் ஒரு பகுதி எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: சாயங்காலம் 4 மணி 53 நிமிடம். 7.0 ரிக்டர். மையம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில், லியோகான் ஊருக்குப் பக்கத்தில். பலமாக ஆடியது ஏறத்தாழ 35 விநாடி. அதிபர் மாளிகை இடிந்தது. பேராலயம் இடிந்தது. பேராயர் இறந்தார். ஐ.நா. அமைதிப்படையின் தலைமையகம் இருந்த ஹோட்டல் இடிந்து அதன் தலைவரே இறந்தார். நிவாரணத்தை ஒருங்கிணைக்க வேண்டியவர்களே இடிபாட்டுக்குள் கிடந்தார்கள். செத்தவர்கள் எத்தனை பேர்? 3,16,000 என்றது ஹைட்டி அரசு. ஒரு லட்சத்தைத் தாண்டும், அவ்வளவு இருக்காது என்கின்றன வேறு சில கணக்குகள். இரண்டுக்கும் நடுவே இருப்பது லட்சக்கணக்கான மனிதர்கள். எண்ணுவதற்குக்கூட ஆள் இல்லாத ஊரில் கணக்கு அப்படித்தான் இருக்கும். டிப்பர் லாரிகளில் ஏற்றி, ஊருக்கு வடக்கே டிட்டாயென் என்ற இடத்தில் குழிதோண்டிப் புதைத்தார்கள். பெயர் இல்லை, எண் இல்லை.

அந்த வருஷம் நான் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் என்ஜினீயரிங் கடைசி வருஷம். (ஆமாம், சிவில் படித்துவிட்டு ஐடிக்கு ஓடிய லட்சத்தில் ஒருவன் நான். கான்கிரீட்டுக்குச் செய்த துரோகத்தை ஜாவா மன்னிக்கட்டும்.) மார்ச் மாசம் எங்கள் பேராசிரியர் இரண்டே ஸ்லைடு போட்டார். ஒன்று ஹைட்டி, 7.0. இன்னொன்று பிப்ரவரி 27ஆம் தேதி சிலி நாட்டில் வந்த நிலநடுக்கம், 8.8. சக்தியில் பார்த்தால் சிலியில் வந்தது சில நூறு மடங்கு பெரியது. செத்தவர்கள், சுனாமியையும் சேர்த்து, ஐந்நூறு சொச்சம் பேர். “நிலநடுக்கம் யாரையும் கொல்றதில்லடா, கட்டடம்தான் கொல்லுது” என்றார். தேர்வுக்கு வரும் என்று குறித்துக்கொண்டேன். வரவில்லை.

ஆனால் அவர் சொன்ன விவரம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஹைட்டியில் புயல் அதிகம். தகரக் கூரை பறந்துவிடும் என்று பயந்து, கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் கனமான கான்கிரீட் கூரை போட்டார்கள். புயலுக்கு அது சரி. அதே கூரையைத் தாங்கிய தூண்கள் ஒல்லி. தூண் கம்பியைச் சுற்றிப் போடும் ரிங்குகள் தள்ளித் தள்ளி இருந்தன. கம்பி வழவழப்பானது, கான்கிரீட்டைப் பிடிக்காது. சுவருக்கு வைத்த ஹாலோ பிளாக்கில் சிமென்ட் கம்மி. பூமி பக்கவாட்டில் ஆடியதும் தூண் மடங்கியது, கூரைகள் தோசை அடுக்குவது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. நம் ஊர் மேஸ்திரியிடம் ரிங்கின் கொக்கியை 135 டிகிரிக்கு வளைக்கச் சொன்னால், ‘எல்லாம் தொண்ணூறு போதும் சார்’ என்பார். அந்த நாற்பத்தைந்து டிகிரியில்தான் உயிர் இருக்கிறது. 2001 குடியரசு தினத்தன்று பூஜ் நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழ்த்தளத்தில் கார் நிறுத்த வெறும் தூண்களை மட்டும் விட்டுக் கட்டியவை அவற்றில் பல. சென்னையில் பிளாட் வாங்கி வைத்திருக்கும் என்.ஆர்.ஐ. நண்பர்கள் ஊருக்குப் போகும்போது கார் பார்க்கிங்கில் நின்று ஒருமுறை தூண்களைப் பார்க்கவும்.

ஹைட்டியில் யாரும் எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2008லேயே புவியியலாளர்கள் ஒரு மாநாட்டில், அந்தப் பிளவில் சேர்ந்திருக்கும் அழுத்தம் 7.2 அளவுக்கு வெடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். சொல்லி இரண்டு வருஷத்துக்குள் வந்துவிட்டது. எச்சரிக்கை வந்து, அதற்கேற்ப ஒரு நகரத்தின் தூண்களை எல்லாம் மாற்ற இரண்டு வருஷம் எந்த நாட்டுக்கும் போதாது.

மாண்ட்ரியல்காரர்கள் ‘நமக்கு என்ன’ என்று இருக்க வேண்டாம் என்பதற்காக ஒரு வரி: இந்த ஊரும் 1732 செப்டம்பரில் ஆடியிருக்கிறது. புகைபோக்கிகள் நூற்றுக்கணக்கில் உடைந்தன. பனியுகத்துக்குப் பின் இங்கே பரவியிருந்த கடல் விட்டுப்போன களிமண், நகரத்தின் பல பகுதிகளுக்கு அடியில் இருக்கிறது. அது ஆட்டத்தைப் பெரிதாக்கும். 1988இல் சாகனேயில் வந்த 5.9 நிலநடுக்கம், சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருந்த மாண்ட்ரியல்-எஸ்ட் நகர மன்றத்தின் கல் முகப்பைப் பெயர்த்துவிட்டது. பனி வண்டிக்கே எங்கள் டபரா செட் ஆடுகிறதென்றால் பாருங்கள்.

சரி, அக்காவிடம் வருகிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் என்னை ‘தி ஃப்ரே’ என்று கூப்பிடுவார். கிரியோலில் தம்பி. நான் அக்கா என்றே கூப்பிடுகிறேன், அவர் மகளுக்கும் நான் ‘மாமா’ ஆகிவிட்டேன்.

2010இல் அவருக்கு இருபத்திரண்டு வயது. போர்ட்-ஓ-பிரின்ஸில் கார்ஃபூர்-ஃபேய் என்று ஒரு மலைச்சரிவுக் குடியிருப்பு. வீட்டுக்கு மேல் வீடு, அதற்கு மேல் வீடு என்று படியாக ஏறும். போனுக்கு ரீசார்ஜ் செய்யத் தெருவுக்கு இறங்கியிருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது சரிவு முழுக்கப் புழுதி. புழுதி அடங்கியபோது சரிவு இருந்தது, வீடுகள் இல்லை. தம்பியை மறுநாள் வெளியே எடுத்தார்கள். அம்மாவை எடுக்க முடியவில்லை. சில நாள் கழித்து வந்தபோது அந்த இடத்தை அள்ளியிருந்தார்கள். டிட்டாயெனுக்குத்தான் போயிருக்கும் என்று நினைக்கிறார். “நினைக்கிறேன்” என்றுதான் சொல்வார், “போச்சு” என்று சொல்லமாட்டார்.

அதே ராத்திரி இங்கே மாண்ட்ரியலில் என்ன நடந்தது என்பதைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் ஹைட்டிக்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். டாக்ஸி ஓட்டுநர், நர்ஸ், ஆசிரியர், எழுத்தாளர் என்று நகரத்தின் எல்லா மூலையிலும் இருக்கிறார்கள். போன் லைன் எதுவும் கிடைக்கவில்லை. ஹைட்டிச் சமூகத்தின் வானொலி இருபத்துநாலு மணி நேரமும் பெயர்களை வாசித்தது. 1972 முதல் இயங்கும் சென்-மிஷேல் பகுதியின் ‘மேசோன் தா ஹைட்டி’ வாசலில் கூட்டம் கலையவே இல்லை. கியூபெக் பல்கலைக்கழகத்தின் மாண்ட்ரியல் கிளையில் புவியியல் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆங்லாட், மனைவி மிரேய் நெப்டியூனோடு போர்ட்-ஓ-பிரின்ஸில் இடிபாட்டில் இறந்தார். வாழ்நாள் முழுக்க ஹைட்டியின் நிலத்தைப் படித்த மனிதர். அவர் மகள் டொமினிக் ஆங்லாட் பின்னாளில் கியூபெக்கின் துணை முதல்வரானார். மாண்ட்ரியல் எழுத்தாளர் டேனி லஃபெரியேர் இலக்கிய விழாவுக்காக அங்கே போயிருந்து உயிர் தப்பினார். போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்த மிஷேல் ஜான்தான் அப்போது கனடாவின் கவர்னர் ஜெனரல். டிவியில் அழுகையை அடக்கிக்கொண்டு கிரியோலில் பேசினார்.

கனடா வாரி வழங்கியது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். மக்கள் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அரசு ஒரு டாலர் போட்டது. அப்படிச் சேர்ந்த மக்கள் பணம் மட்டும் 22 கோடி டாலர். ஜனவரி 25ஆம் தேதி, பதின்மூன்றே நாளில், மாண்ட்ரியலிலேயே சர்வதேச மாநாடு. ஹிலாரி கிளின்டன் வந்தார், ஹைட்டிப் பிரதமர் வந்தார். குறைந்தது பத்து வருஷ வேலை இது என்று ஒப்புக்கொண்டார்கள். மார்ச்சில் நியூயார்க் மாநாட்டில் முதல் பதினெட்டு மாதத்துக்கு மட்டும் 530 கோடி டாலர் தருவதாக நாடுகள் வாக்குக் கொடுத்தன.

அந்தப் பணம் எங்கே போனது என்பதில்தான் எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வருகிறது. நான் நாகை. சுனாமி வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி இருந்ததால் தப்பியது. அந்த மார்கழி, தை மாசங்களில் ரோட்டோரம் பழைய துணி மலைமலையாகக் கிடந்ததை நாகைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊர் ஊராக லாரியில் வந்து கொட்டினார்கள். அதில் கம்பளி ஸ்வெட்டர் இருந்தது! நாகப்பட்டினத்தில்! மீனவர்கள் வாழ்நாளில் தொட்டுப் பார்க்காத கோட்டு இருந்தது. கடைசியில் ஆடுமாடு மேய்ந்தது. தார் ஷீட்டில் தற்காலிகக் கொட்டகை போட்டார்கள். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. ஆறு மாசம் என்றார்கள். சிலர் இரண்டு வருஷத்துக்கும் மேல் இருந்தார்கள்.

ஆனாலும் ஒன்று இருந்தது. கலெக்டர் ஆபீஸ் இருந்தது. தொண்டு நிறுவனம் எதுவாக இருந்தாலும் அங்கே இருந்த ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போய் ‘நான் இந்தக் குப்பத்தில் வீடு கட்டுகிறேன்’ என்று பதிய வேண்டும். ரேஷன் கார்டு இருந்தது, வி.ஏ.ஓ. இருந்தார், திட்டுவதற்கு ஒரு அரசாங்கம் இருந்தது. ஹைட்டியில் உதவி செய்ய வந்தவர்கள் அந்த அரசாங்கத்தைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். ஊழல் அரசு, நம்ப முடியாது என்றார்கள். முதல் மூன்று வருஷம் வந்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஹைட்டி அரசு வழியாகப் போகவில்லை. ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஐ.நா. முகாமுக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. கேட்டில் பாஸ் இல்லாத ஹைட்டி ஆட்கள் உள்ளே போக முடியவில்லை. அவர்கள் ஊரைக் கட்டும் கூட்டத்துக்கு அவர்களுக்கே அனுமதி இல்லை. நிலநடுக்கமே தொடாத வடக்குக் கரையில், கராக்கோல் என்ற ஊரில், ஆடை ஏற்றுமதிக்காகத் தொழிற்பேட்டை ஒன்று எழுந்தது. கிட்டத்தட்ட 50 கோடி டாலர் திரட்டிய அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு என்று 2015இல் புரோபப்ளிகாவும் என்.பி.ஆர். வானொலியும் எழுதின. மற்ற வழிகளில் நிறையச் செய்தோம் என்று சங்கம் மறுத்தது. நம் ஊரில் அரசாங்கத்தைத் திட்டுவது எனக்கும் பொழுதுபோக்குதான். ஆனால் அது இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதை ஹைட்டி காட்டியது.

இதற்கு நடுவே காலரா. 2010 அக்டோபரில் தொடங்கியது. காப்பாற்ற வந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் காரணம். சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். ஆறு வருஷம் கழித்து.

அக்கா அந்தச் சமயம் அதிபர் மாளிகை எதிரே ஷான்-தெ-மார்ஸ் மைதானத்தில் ஒரு டென்ட்டில் இருந்தார். டிசம்பரில் எப்படியோ ஒரு விசிட் விசாவில் மியாமியில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்க்கையில் ‘தற்காலிகம்’ என்ற வார்த்தை நுழைந்தது.

டி.பி.எஸ். என்பார்கள். தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து. நாடு வாழத் தகுதியில்லாமல் போனால், அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கும் அந்த நாட்டவரைத் திருப்பி அனுப்பாமல், வேலை செய்ய அனுமதிப்பது. 2011 ஜனவரி 12க்குள் அமெரிக்காவுக்கு வந்துவிட்ட ஹைட்டிக்காரர்களுக்குக் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பதினெட்டு மாசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐடியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு ‘இப்போதைக்கு’ என்று போட்ட பேட்ச் பத்து வருஷம் புரொடக்‌ஷனில் ஓடும். யாரும் தொடமாட்டார்கள், யாரும் சரிசெய்யவும் மாட்டார்கள். அப்படி ஓடியது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்க்கை. ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை, வாடகை, தம்பிக்கு மாசாமாசம் பணம், ஒரு மகள். ஹைட்டியின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படி வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம். மாநாட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு மறக்கும் பணம் இல்லை இது. ஒன்றாம் தேதி தவறினால் போன் வந்துவிடும்.

2017 மே மாசம் டிரம்ப் அரசு ஆறே மாசம் நீட்டிப்பு கொடுத்து, ஊருக்குத் திரும்பத் தயாராகுங்கள் என்றது. நவம்பரில் ரத்தே செய்தது. (பிறகு நீதிமன்றம் தடுத்தது. அது வேறு கதை.) ஆகஸ்டில் அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் போய், பஸ்ஸில் பிளாட்ஸ்பர்க், அங்கிருந்து டாக்ஸியில் ராக்ஸம் ரோடு. ஒரு கிராமத்துச் சாலை, அதன் முடிவில் ஒரு சின்னப் பள்ளம், அந்தப் பக்கம் கனடா. சட்டப்படியான எல்லைச் சாவடிக்குப் போனால் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் இருந்தது. சாவடி அல்லாத இடத்தில் அது அப்போது செல்லாது. அதனால் அந்தப் பள்ளம். ‘தாண்டினால் கைது செய்வோம்’ என்று போலீஸ்காரர் சொல்வார். சொல்லிவிட்டு, தாண்டியதும் பெட்டியைத் தூக்க உதவுவார். அந்த ஆகஸ்ட் மாசம் மட்டும் கியூபெக் எல்லையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள், பெரும்பாலும் ஹைட்டிக்காரர்கள். இடம் போதாமல் 1976 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய ஸ்டேடியத்தைத் திறந்து கட்டில் போட்டார்கள். தலைக்கு மேலே அத்தனை கான்கிரீட். அக்கா முதல் ராத்திரி தூங்கவே இல்லையாம்.

இப்போது அந்த வெட்கமான விஷயம். நான் வேலை விசாவில் மாண்ட்ரியல் வந்து அப்போது நாலு மாசம். பி.ஆருக்கு ஃபைல் போடப் பேப்பர் சேர்த்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு வகுப்பு, ஐ.இ.எல்.டி.எஸ்., டிகிரி மதிப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் ஸ்டேடியம் போட்டோவைப் போட்டு, ‘நாம லைன்ல நின்னு வந்தோம், இவங்க சூட்கேஸை உருட்டிக்கிட்டே வந்துட்டாங்க’ என்று எழுதினார். நான் சிரிப்பு ஸ்மைலி போட்டு நாலு பேருக்கு ஃபார்வர்டும் செய்தேன். இதேபோல ஃபார்வர்ட் இப்போதும் வருகிறது, ஊர்ப்பெயர் மட்டும் மாறி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் அரிசி வாங்கும் கோட்-தெ-நேஜ் கடைக்கார அண்ணன், எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அந்த வாரம் அவரிடமும் இதையே ஜோக்காகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பில் போட்டபடியே, “தம்பி, சூட்கேசோட நடந்து வந்ததுக்குச் சிரிக்கிறீர். எங்கட சனம் லைஃப் போட்டில மிதந்து வந்தது தெரியுமோ உமக்கு?” என்றார்.

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து படித்தேன். 1986 ஆகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள். மீனவர்கள் கண்டெடுத்துக் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொல்லியிருக்கிறார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது பிறகு தெரிந்து, ‘பொய்யர்கள், வரிசை தாண்டியவர்கள்’ என்று பேப்பரில் கடிதங்கள். அப்படியும் ஒரு வருஷத்துக்குத் தற்காலிக அனுமதி கொடுத்து மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் அனுப்பினார்கள். இன்று நாம் கொடிபிடித்துப் பெருமைப்படும் கனடாத் தமிழ்ச் சமூகத்துக்குள் அந்தத் தற்காலிக அனுமதிக் காகிதமும் இருக்கிறது.

அடுத்த முறை போனபோது அவர் இன்னொன்று சொன்னார். 2010 ஜனவரியில் ஹைட்டிக்காகக் கடையில் உண்டியல் வைத்தாராம். அதே வருஷம் ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 ஈழத்தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு வந்தபோது, கனடா அவர்களை மாசக்கணக்கில் தடுப்புக்காவலில் வைத்தது. “நிலம் ஆடிச்செண்டா ஐயோ பாவம் எண்டு அள்ளிக் குடுப்பினம். குண்டுக்கு ஓடி வந்தா, உண்மையா ஓடினனியோ எண்டு பேப்பர் கேப்பினம்.”

நான் கொஞ்ச நாள் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அக்காவைத் தெரிந்த பிறகுதான் அதிலும் பாதிதான் உண்மை என்று புரிந்தது. நிலம் ஆடினால் பாவம் என்று கொடுப்பார்கள், சரி. ஆனால் 1951 ஜெனீவா ஒப்பந்தத்தில் நிலநடுக்கம் என்ற சொல்லே கிடையாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது. இவற்றில் ஒன்றுக்காகத் துரத்தப்பட்டால்தான் அகதி. வீடும் அம்மாவும் மண்ணுக்குள் போனதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அன்றைக்கு ராக்ஸம் ரோடு வழியாக வந்த ஹைட்டிக்காரர்களில் நிறையப் பேருக்கு நிராகரிப்புதான் வந்தது. அக்காவுக்கும் வந்தது. மேல்முறையீடு, வக்கீல், காத்திருப்பு.

காத்திருந்தபோது அவர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது. 2020 வசந்தத்தில் கியூபெக்கின் முதியோர் இல்லங்களில் கோவிட் புகுந்து ஆயிரக்கணக்கில் சாவு விழுந்தபோது, நாங்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப் தட்டியபோது, பஸ் ஏறி உள்ளே போனவர்களில் இந்த ஸ்டேடியத்துக் கட்டிலில் படுத்தவர்கள் ஏராளம். முதல்வர் லெகோ டிவியில் ‘காவல் தேவதைகள்’ என்று கும்பிட்டார். அவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை கொடுங்கள் என்று ஊர்வலம் போன பிறகு, ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு சிறப்புத் திட்டம் அறிவித்தது. அதுவும் நோயாளிகளை நேரடியாகக் கவனித்தவர்களுக்கு மட்டும். அதே இல்லத்தில் தரை துடைத்தவருக்குக் கிடையாது. அக்காவுக்குக் கிடைத்தது. 2010இல் இடிந்த வீட்டுக்கு 2022இல் ஒரு கார்டு.

தம்பி அங்கேயே இருக்கிறார். கார்ஃபூர்-ஃபேயில் அதே சரிவில், அக்கா அனுப்பிய பணத்தில் இரண்டு அறை எழுப்பினார். இந்த முறை ரிங் நெருக்கமாகப் போட்டார்களா என்று நான் முட்டாள்தனமாகக் கேட்டேன். போட்டார்களாம். 2021இல் அதிபர் மொயீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாசமே தெற்கில் 7.2 நிலநடுக்கம், இரண்டாயிரத்துக்கும் மேல் சாவு. அதற்கெல்லாம் அந்த இரண்டு அறை நின்றது. 2023 ஆகஸ்டில் துப்பாக்கிக் கும்பல்கள் கார்ஃபூர்-ஃபேய்க்குள் புகுந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் தலையில் மூட்டையோடு இறங்கி ஓடினார்கள், தம்பி குடும்பமும். இப்போது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருக்கிறார்கள். தலைநகரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு கும்பல்கள் கையில் என்கிறது ஐ.நா. போன வருஷம் மட்டும் 5,600 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

மியாமியில் இருக்கும் சித்தி குடும்பம் இன்னும் அந்த டி.பி.எஸ்.சில்தான் ஓடுகிறது. பைடன் அரசு 2026 பிப்ரவரி வரை நீட்டித்திருக்கிறது. அடுத்த வாரம் டிரம்ப் திரும்பப் பதவி ஏற்கிறார். ராக்ஸம் ரோடு 2023 மார்ச்சிலேயே மூடியாயிற்று. “இந்தத் தடவை எந்தப் பள்ளத்தைத் தாண்டுவாங்க?” என்று அக்கா கேட்டார். வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே ‘மறுபடியும் வரப்போறாங்க’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். இந்த முறை நான் ஸ்மைலி போடவில்லை. 1986 படகைப் பற்றி நாலு வரி எழுதினேன். இரண்டு பேர் குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் தனியாக மெசேஜ் போட்டார்: ‘என் மாமா அந்தப் படகில் வந்தவர்.’

ஜனவரி ஒன்றாம் தேதி ஹைட்டியின் சுதந்திர தினம். அன்றைக்குப் பரங்கிக்காய் சூப் வைப்பார்கள்; அடிமையாக இருந்தபோது எஜமானுக்கு மட்டும் என்று தடுக்கப்பட்ட சூப். எங்களுக்கும் ஒரு பாத்திரம் இறங்கி வந்தது. நாளை மறுநாள் பொங்கல். பரங்கிக்காய்க் கூட்டு ஏறிப் போகும். நடுவில் இன்றைக்கு, பன்னிரண்டாம் தேதி, மாலை 4:53க்கு மாடியில் ஒரு மெழுகுவத்தி எரியும். அந்த நேரத்தில் டிவியை நிறுத்திவைப்போம், அவ்வளவுதான்.

பனி வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதை இந்த ஊர் நகராட்சி ‘இன்ஃபோ-நேஜ்’ செயலியில் போடுகிறது. போன குளிர்காலத்தில் உட்கார்ந்து முப்பது வரி ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். எங்கள் தெருவுக்கு வண்டி வரும் ராத்திரிகளில், சாயங்காலமே அக்காவின் போனுக்கு ஒரு மெசேஜ் தானாகப் போகும். வாக்கியத்தைக் கிரியோலில் எப்படி எழுதுவது என்று அவர் மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். ‘இன்றைக்கு ராத்திரி வண்டி வரும். குடுகுடு இல்லை.’